கணவாய் ஓடு முங்கவில்லை

பிள்ளைகள் கையால் செய்து கற்பது எப்படி என்று எல்.கே.ஜி. ஆசிரியைகளான எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாளும் நாங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சான்றிதழ் வாங்கும்போதுதான் கைக்கு வேலை வந்தது.

அதன் பலனாக, மாப்பிள்ளையூரணியில் இருந்த எங்கள் பள்ளிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. நீலத் தொட்டி, தக்கை, கோலிக்குண்டு, பொட்டலத்தில் ஒரு கடல் ஓடு. கூடவே லேமினேட் செய்த சார்ட். இடப்பக்கம் ‘மிதக்கும்’, வலப்பக்கம் ‘மூழ்கும்’. எது எந்தப் பக்கம் என்பதும் அச்சாகியிருந்ததால் பிள்ளைகள் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. பெற்றோர் வரும் நாளில் இதைச் செய்துகாட்ட வேண்டும், அவர்கள் முன்னால் தப்பு வரக்கூடாது என்று தாளாளர் சொல்லியிருந்தார். ஆகவே ஒரு வாரம் சார்ட்டை மனப்பாடம் செய்யவைத்தேன்.

கடலோரத்தில் இருக்கும் எங்களுக்குக் கூரியரில் வந்த அந்தக் கடல் ஓடு மட்டும் வழியிலேயே நொறுங்கியிருந்தது. “யாராவது வீட்லருந்து ஒரு ஓடு கொண்டு வாங்க” என்றேன். படகில் போகிறவரின் மகள் ஒருத்தி கொண்டுவந்தாள். வெள்ளையாக, என் உள்ளங்கை நீளத்தில் இருந்தது. ஓடுதானே என்று வாங்கிவைத்தேன். நான் ஸ்ரீவைகுண்டத்து ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள்.

அந்த நாளும் வந்தது. பெற்றோர் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தக்கை மிதந்தது. கோலி மூழ்கியது. பிறகு, சார்ட்டில் ‘மூழ்கும்’ பக்கம் இருந்த ஓட்டைப் போட்டேன். அது மிதந்தது.

விரலால் அமுக்கினேன். மேலே வந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி வந்தது.

“இன்னொரு தடவ நல்லா முக்குங்க டீச்சர்” என்றார் தாளாளர்.

பின்வரிசையில் இருந்த அந்தச் சிறுமியின் தகப்பனார் எழுந்தார். “அண்ணாச்சி, அது கணவாய் மீனோட ஓடு. நாள் பூரா அமுக்குனாலும் முங்காது.”

பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ஓடு என்ன செய்யும்?” என்று கேட்டேன். கண்ணெதிரே அது தொட்டியில் ஆடிக்கொண்டிருந்தது.

“மூழ்கும்!” என்று வகுப்பே கத்தியது.

கொண்டுவந்தவள் மட்டும் சொல்லவில்லை. “முங்கல மிஸ், பாருங்க” என்று தொட்டியைக் காட்டினாள். அவள் குரல் கைதட்டலில் அமுங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி என்று தாளாளர் என்னைப் பாராட்டினார்.

சாயங்காலம் அவளுடைய அம்மா வாசலில் நின்று மகளை அதட்டிக்கொண்டிருந்தார். “ஏளா, மிஸ்ஸ எதுத்தா பேசுத?” பிறகு என்னிடம் தயங்கித் தயங்கி, “ஆனா மிஸ், அது மிதக்கத்தான செய்யும்?” என்றார்.

“மிதக்கும்மா. அவ சொன்னதுதான் சரி. எனக்குத்தான் தெரியல” என்றேன். அந்தச் சிறுமி என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள்.

மறுநாள் சார்ட்டை விட்டுவிட்டுத் தொட்டியை மட்டும் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப்போனேன். “இஷ்டப்பட்டதப் போடுங்க” என்றேன். கேட்க வேண்டுமா? டிபன் மூடி, வேப்பங்கொட்டை, ஒருவனின் பெல்ட், என் பேனா என்று எல்லாம் உள்ளே போயின. பாதி வகுப்பு நனைந்தது. அவள் தன் வெள்ளை கேன்வாஸ் ஷூவைக் கழற்றிப் போட்டாள். அது சற்று நேரம் படகு மாதிரி மிதந்தது. பிறகு ஒருபக்கம் சாய்ந்து, குமிழி விட்டுக்கொண்டே அடியில் போய் உட்கார்ந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

“மிஸ், இத சார்ட்ல எந்தப் பக்கம் போடணும்?”

“தெரியலயேம்மா” என்றேன். பயிற்சிக்குப் பிறகு நான் வகுப்பில் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். அவர்கள் ஷூவை வெளியே எடுத்து, மறுபடி போட்டார்கள்.

ஈரச் சீருடை பற்றி இரண்டு அம்மாக்கள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். தாளாளர் என்னிடம் விளக்கம் கேட்டார். ‘செயல்வழிக் கற்றல்’ என்று எழுதினேன். அது பெற்றோர் வரும் நாளில் மட்டும் செய்ய வேண்டியது என்று பொறுமையாக விளக்கினார்.