கைப்பிடியை விடாத மருமகள்

என் அண்ணி கார்லிகா மருமகளாக வந்த வாரத்தில், எங்கள் அல்மாட்டி வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஓட்டக் காலணி கிடந்தது. கல்யாணத்துக்கு வந்த யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்த அம்மா, அதைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். புது மருமகள் வாய் திறக்கக் கூடாது என்பதால், அது தன்னுடையது என்று அண்ணியும் சொல்லவில்லை. ரொட்டி வாங்கிவருகிறேன் என்று வீட்டுச் செருப்போடு கிளம்பி, கடைக்கு ஓடிப்போய் ஓடிவந்தாள். அந்த மாதம் முழுக்க நாங்கள் நசுங்கிய ரொட்டிதான் தின்றோம்.

எங்கள் வழக்கப்படி மருமகள் கணவன் வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவள் வைத்த பெயர் 'ஊமைக்குயில்'. குடும்பத்தில் மூத்தவரான செயில்கான் பெரியப்பாவுக்கு, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், 'தொப்பி மாமா'.

பிறகு தொல்கின் பிறந்தாள். குழந்தை கழுத்து நின்று, தானாக உட்காரும்வரை அவளை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி பொறுத்திருந்தாள். குழந்தை உட்கார்ந்த வாரமே, எண்ணெய் வயலில் வேலைபார்க்கும் என் அண்ணன் விடுமுறைக்கு வரும்போது ஒரு வண்டியோடு வந்தான். மூன்று சக்கரம். ஒவ்வொன்றும் சைக்கிள் சக்கரம்போல.

அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதென்ன, குழந்தைக்கு டிராக்டரா?"

"ஓடுறதுக்கான வண்டி, அத்தை."

"குழந்தை ஓடுமா?"

"நான் ஓடுவேன். அவ உட்கார்ந்திருப்பா."

"உன்னை யாருடி துரத்துறா?"

அதில் அம்மாவுக்குப் பிடித்த ஒரே விஷயம் பட்டைகள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கில் ஒன்று. "நம்ம மரத்தொட்டில்லயும் குழந்தையை இப்படிக் கட்டித்தானே போடுறோம்," என்று திருப்தியானாள். கைப்பிடியிலிருந்து தொங்கிய, தள்ளுகிறவள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வாரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "நல்லது. ஆட்டைக் கட்டுற மாதிரி உன்னையும் கட்டிப்போட ஒண்ணு வச்சிருக்கான்."

ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. அல்மாட்டியே சரிவான ஊர்; எங்கள் தெரு மலையை விட்டு ஓடிப்போக முடிவு செய்ததுபோல இறங்கும். ஓரத்தில் வாய்க்கால், மலையில் பனி உருகும் மாதங்களில் தண்ணீர் சீறிக்கொண்டு போகும். "பெரியப்பா வெந்நீர் ஊற்றுல மூட்டுவலிக்கு முங்கிட்டு வரட்டும். அவர் சரின்னா ஓடு. வேணாம்னா வண்டி பரணுக்குப் போகும்," என்றாள். அப்பா போனபின் எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது. அதுவரைக்கும் தற்காலிக அனுமதி.

அந்த நாட்களில் அண்ணியைப் பார்த்திருக்க வேண்டும். முன்சக்கரம் திரும்பாமல் பூட்டியிருக்கிறதா என்று உதைத்துப் பார்ப்பாள். வாரை மாட்டுவாள். மேட்டில் ஓடுவாள், இறக்கத்தில் ஓடமாட்டாள், கைப்பிடியில் இருக்கும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி நடப்பாள். மே மாத வெயிலில் அம்மா குழந்தைக்கு மாட்டிவிட்ட இரண்டு குல்லாய்களையும் தெருமுனை தாண்டியதும் கழற்றிவிட்டு, திரும்பும்போது மறுபடி மாட்டுவாள். குழந்தையின் கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து, "குளிர் அடிச்சிடுச்சு," என்று அம்மா மூன்றாவது குல்லாய் தேடுவாள்.

"ஊமைக்குயில், தொப்பி மாமா வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று ஒருநாள் பாத்திரம் கழுவும்போது கேட்டாள். "நாள் முழுக்க மருமக, அம்மா, பொண்டாட்டி. ஓடுற நேரத்துல மட்டுந்தான் நான் யாருமே இல்ல."

நான் தட்டைத் துடைத்தேன்.

பெரியப்பா சொன்ன நாளைக்கு முன்பே வந்துவிட்டார். நான் பால் வாங்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். அண்ணி வண்டியோடு கீழே நடந்து வந்துகொண்டிருந்தாள். நடுவில், அதே தெருவில் இருக்கும் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு பெரியப்பா வெளியே வந்தார், தொப்பி சகிதம்.

கணவன் வீட்டு மூத்தவரைக் கண்டால் மருமகள் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிய வேண்டும். அண்ணியின் அம்மா அதைச் சிறுவயதிலிருந்தே அவள் உடம்புக்குள் இறக்கிவைத்திருந்தாள். மூளைக்குச் செய்தி போகும்முன்பே கைகள் முழங்காலுக்குப் போய்விட்டன.

வண்டி கிளம்பிவிட்டது.

வார் விறைத்தது. குனிந்துகொண்டிருந்தவளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பெரியப்பாவின் காலடியில் குப்புறத் தள்ளி, கொஞ்ச தூரம் தேய்த்துக்கொண்டு போய், அவள் கனத்தில் வண்டி நின்றது. முன்சக்கரம் வாய்க்கால் விளிம்பில் இருந்தது. நான் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். பட்டைகளுக்குள் தொல்கின் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பாவுக்கோ கண் கலங்கிவிட்டது. அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை.

"எழுந்திரும்மா, எழுந்திரு! மசூதியிலகூட இவ்வளவு வேகமா விழுந்தவங்களை நான் பார்த்ததில்ல!" என்று சொல்லி வாழ்த்தி, ஆசி முடிந்ததற்கு அடையாளமாக இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். அப்படியே எங்களோடு வீட்டுக்கு ஏறி வந்து, வாசலிலேயே அறிவித்தார்: "இப்படிப்பட்ட மருமக எங்க வேணும்னாலும் ஓடலாம். சந்திரனுக்கு வேணும்னாலும் ஓடட்டும்."

அம்மா பூரித்துப்போனாள். அண்ணி உள்ளங்கைச் சிராய்ப்பைக் கழுவிவிட்டு வந்து தேநீர் ஊற்றினாள். கை எரிச்சலில் பெரியப்பாவின் கோப்பையை விளிம்புவரை நிரப்பிவிட்டாள். குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அதற்குப் பொருள். அம்மா மேசைக்கு அடியில் அவளைக் கிள்ளினாள். கிள்ளியதில்தான் வாய் திறந்ததோ என்னவோ.

"மாமா, நான் கும்பிட்டு விழல. வண்டி இழுத்துச்சு, விழுந்தேன்."

பெரியப்பா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"உங்களைப் பார்த்ததும் கை தானா விட்டுடுச்சு. இந்த வார் இல்லன்னா தொல்கின் வாய்க்கால்ல கிடப்பா. இனிமே வண்டி கையில இருக்கும்போது யாருக்கும் குனிய மாட்டேன். நீங்க ஓடக் கூடாதுன்னா ஓடல. ஆனா ஓடினா, குனிய மாட்டேன்."

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றாள் அம்மா. "அவர்தான் சரின்னுட்டாரே, சும்மா இருக்கத் தெரியாது?"

பெரியப்பா கையை உயர்த்தி அம்மாவை நிறுத்தினார். "அப்போ என்னைக் கும்பிடல?"

"இல்ல, மாமா."

"கொஞ்சமாவது?"

"குனிய ஆரம்பிச்சேன். மிச்சமெல்லாம் வண்டி பண்ணினது."

"இவ்வளவு நேரம் நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?" என்றார் அவர். விளிம்புவரை இருந்த தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா பரணையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று பெரியப்பா சொல்லவில்லை. சரி என்றதையும் திரும்ப வாங்கவில்லை. அவள் முடிவுக்கு வருவதற்குள் அண்ணி வாரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

பெரியப்பா தன் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தார். அண்ணியின் தோள்கள் இறுகுவது எனக்குத் தெரிந்தது. அவள் நெருங்கியதும் அவர் சட்டென்று திரும்பி, சொந்த வேலியை முதன்முதலாகப் பார்ப்பவர்போல உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். முகத்தைப் பார்க்காத பெரியவருக்குக் குனியத் தேவையில்லை. அண்ணி இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்தபடி அவரைக் கடந்து போனாள்.

இப்போது தெருமுனை பெஞ்சில் பெரியப்பாவின் கூட்டாளிகளும் உட்கார்ந்திருப்பார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் வரிசையாக எழுந்து வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார்கள். புதிதாகக் குடிவந்த பெண்மணி ஒருத்தி அம்மாவிடம், "உங்க மருமக அப்படி என்ன பண்ணிட்டா, ஊரே முதுகைக் காட்டுது?" என்று மெதுவாகக் கேட்டாள். "மரியாதை," என்றாள் அம்மா. அதற்குமேல் அவளுக்கே விளக்கத் தெரியவில்லை.

நேற்று அவர்களில் ஒரு கிழவர் குழந்தையைப் பார்க்கும் ஆசையில் கழுத்தை மெல்ல வளைத்தார். பெரியப்பா முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

"திரும்பாதே, முட்டாளே. அவ கையை எடுத்துடப் போறா."