செங்கேணி கறுப்பாக்கிய இஞ்சின்

பள்ளிகொண்டாவிலிருந்து ஆவாரம் பட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர் அன்றைக்கு மாட்டை அவிழ்ப்பதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டார். "குப்பம்மா, செங்கேணி போய்ட்டா. மூணு நாள் ஜுரந்தான்" என்றார். அங்கே மகள் வீட்டுக்குப் போய் அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில் அவளோடு வேலை செய்த எல்லாரும் அழுதோம். ஆனால் அவளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எங்களுக்குப் பெருமைதான் முன்னே வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போதெல்லாம் பெண்களுக்குப் பட்டை இடிப்பதும் தோல் காயப்போடுவதும்தான் வேலை. சாயக் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. செங்கேணிக்கோ அந்தக் கொட்டகை மேலேயே கண். ஒருநாள் நான் இரும்பு வாளியை ஈரத் தோல் மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். எடுத்துப் பார்த்தால் வட்டமாகக் கருநீலக் கறை. பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலில் இரும்பு பட்டால் அப்படித்தான் ஆகும். கோதண்டம் மேஸ்திரி என்னைத் திட்டித் தீர்த்தார். நான் அழுதுகொண்டு நிற்க, இவள் அந்தக் கறையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"போவ மாட்டேங்குது பார்டி. எத்தினி சாயம் போட்டாலும் இப்படி ஒட்டாது" என்றாள்.

அந்த வருஷம் வேலூர்க் கண்காட்சியில் எங்கள் ஷாப்பைச் சின்னதாகச் செய்து வைக்க முதலாளி சாயபு ஆசைப்பட்டார். தோல் கட்டுகளை ரயிலில் ஏற்றுகிற மாதிரி. அதற்காக மெட்ராசிலிருந்து ஒரு தகர இஞ்சின் வந்தது. சாவி கொடுத்தால் ஓடும். கிளிப் பச்சை உடம்பு, தங்கக் கோடு. சாயபுவுக்குப் பிடிக்கவில்லை. "கல்யாண ஊர்வலத்துக்கு ஜோடிச்ச மாதிரி கீது. நம்ம ஸ்டேஷன்ல இப்படியா நிக்குது?" என்றார். கறுப்பு பெயிண்ட் அடிக்கலாம் என்று மேஸ்திரி சொன்னார். அடித்தால் புது பூட்ஸ் மாதிரி பளபளக்கும் என்று சாயபு தலையை ஆட்டினார்.

செங்கேணி இடிக்கும் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு முன்னே போனாள். "சாயபு, நான் இத நெஜ இஞ்சின் ஆக்கித் தர்றேன். ஆச்சின்னா என்னச் சாயக் கொட்டகையில போடுங்க."

"ஆவலன்னா?"

"நான் வேலைக்கே வரல."

மேஸ்திரி சிரித்தார். "பட்ட இடிக்கிறவ ரயில் செய்யப் போறாளாம். அப்புறம் இன்னா, கப்பலா?"

"இங்க கடல் இல்ல மேஸ்திரி. இருந்தா பாத்திருக்கலாம்."

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். புருஷன் இல்லாதவள். இரண்டு பெண்களுக்கு அவள் கூலிதான் சோறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனாள். வந்த இஞ்சினை மேலும் கீழும் பார்த்தபடி நின்றாள். "யார வழி அனுப்ப வந்தம்மா?" என்று டிரைவர் கேட்டார். "யாரையும் இல்ல. வண்டியப் பாக்க வந்தேன்" என்றாள். "அழுக்கா கீதே, இத இன்னா பாக்கற?" என்றார் அவர். "அந்த அழுக்கத்தான் பாக்கறேன். பளபளப்பு வாங்கினது, அழுக்கு சம்பாதிச்சது" என்றாள். டிரைவர் சிரித்துவிட்டார். விசில் அடியிலிருந்து வெள்ளையாகக் கோடு கோடாக வழிந்திருந்ததை அவள்தான் எனக்குக் காட்டினாள். நம் ஊர் உப்புத் தண்ணீர் கொதித்து வழிந்து காய்ந்த தடம் அது.

பிறகு இஞ்சினைச் செங்கல் பொடி போட்டு, பச்சையும் ஈயப் பூச்சும் போக, இரும்பு தெரியும் வரை தேய்த்தாள். தோலுக்குப் போடும் உப்பைக் கரைத்துத் தெளித்து மூன்று நாள் விட்டாள். இஞ்சின் சிவப்பாகத் துருப்பிடித்தது. அந்த நேரம் பார்த்துச் சாயபு வந்தார்.

"மண்ணுல பொதைச்சு எடுத்தியா? நல்ல சாமான இப்படி பேஜார் பண்ணிட்டியே."

"நான் அப்பவே சொன்னேன் சாயபு. இவள இப்பவே வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் மேஸ்திரி.

செங்கேணி பதறவில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, காய்ச்சிய பட்டைத் தண்ணீரை இஞ்சின் மேல் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். மேஸ்திரி வெற்றிலை மென்று முடிப்பதற்குள் சிவப்பு நீலமாகி, நீலம் கறுத்தது. பெயிண்ட் கறுப்பு இல்லை, கரி தின்ற இரும்பின் கறுப்பு. சாயபு குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் எதுவும் ஒட்டவில்லை. மேஸ்திரி துப்பப் போனவர் அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை.

மிச்ச வேலையை நானும் அவளும் சேர்ந்து செய்தோம். சக்கரத்துக்கு விளக்கெண்ணெயில் குழைத்த கரி. புகைபோக்கி ஓரத்தில் அடுப்புச் சாம்பல். கடைசியில் கோழி இறகைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்து, விசில் அடியில் நான்கு கோடு இழுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாள்.

கண்காட்சிக்கு எங்களையும் சாயபு அழைத்துப் போனார். கூட்டத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டிரைவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, உரக்கக் கேட்டார்.

"எந்த ஷெட்டு வண்டி இது? பாயிலர் கழுவி எத்தினி நாளாச்சு? இப்படி உப்பு பூத்திருக்குது, எவன்யா இதுக்கு கிளீனர்?"

கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து செங்கேணி கையைத் தூக்கினாள். "நான்தாங்க." அந்தப் பெரியவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நெற்றியில் கை வைத்துச் சலாம் போட்டார். அவருக்குப் பின்னாலேயே, "எங்க ஷாப்பு ஆளு, எங்க ஷாப்பு ஆளு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார் சாயபு.

மறுவாரம் அவள் சாயக் கொட்டகைக்குள் போனாள். ஆறு மாதத்தில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். பிறகு இன்னும் நாலு பேர். இன்று அங்கே ஆண்களைவிடப் பெண்கள்தான் ஜாஸ்தி.

அவள் ஞாபகமாக என்னிடம் ஒரு படம் இல்லை, ஒரு துண்டுச் சேலை இல்லை. தினமும் காலையில் மேஸ்திரி கண் முன்னாலேயே அந்தக் கொட்டகைக்குள் நான் நடந்து போகிறேனே, அந்த நடைதான் அவள் எனக்குக் கொடுத்தது. யாரையும் கேட்காமல் போகிறேன்.