இருபத்திரண்டு வருஷத்துப் புதுக்கடை

திருத்தணியில் மலைப்படிக்குப் போகும் தெருவில் தணிகாசலத்தின் கடைக்கு மூன்று ஷட்டர். ஒன்றில் அர்ச்சனைத் தட்டு, ஒன்றில் வாடகைக் காவடி, ஒன்றில் சாமி படமும் பிளாஸ்டிக் மயிலும். ஆனால் கடையின் உயிர் இந்த மூன்றிலும் இல்லை. அது தெருமுனையில், வேன்கள் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தனியாக ஒரு செருப்பு ஸ்டாண்டாக நின்றுகொண்டிருந்தது.

அந்தத் தெருவில் வியாபாரத்தைத் தீர்மானிப்பது செருப்புதான். யார் ஸ்டாண்டில் செருப்பை விடுகிறாரோ அவர் கடையில்தான் பக்தர் தட்டு வாங்குவார். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, வெறும் கூச்சம்தான். இலவசமாகச் செருப்பை விட்டுவிட்டு எதிர்க்கடையில் தேங்காய் வாங்கியவன், திரும்பி வரும்போது ஜோடி இருக்குமோ ஒற்றை இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே சாமி கும்பிட வேண்டியிருக்கும். ஆகவே தட்டுக் கடைக்காரர்கள் சங்கம் ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்தது. அவரவர் ஸ்டாண்டு அவரவர் கடை வாசலோடு நிற்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு: புதுக்கடைக்காரர் கால் ஊன்றும் வரை தெருமுனையில் வைத்துக்கொள்ளலாம். முனையில் ஒரு ஸ்டாண்டுக்குத்தான் இடம் இருந்தது.

தணிகாசலம் புதிதாகக் கடை போட்டபோது அந்தச் சலுகை அவருக்குக் கிடைத்தது. அது நடந்து இருபத்திரண்டு வருஷம். இடையில் அவர் கால் ஊன்றி, வேர் விட்டு, இரண்டு பக்கத்துக் கடைகளையும் சேர்த்து வளைத்துக்கொண்டார். யாராவது ஸ்டாண்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், இன்னும் சரியாக ஊன்றவில்லை என்பார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மனதளவில் அவர் இன்னும் முதல் நாள் தேங்காய் மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும் புதுக்கடைக்காரர்தான்.

அவரை நகர்த்தவும் வழியில்லை. சங்கத்தில் எந்த முடிவானாலும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஓட்டெடுப்பு வைத்தால் தோற்றவன் மறுநாள் ஜெயித்தவனிடம் சில்லறை மாற்றப் போகமாட்டான். ஒரே தெருவில் அது கட்டுப்படியாகாது. அதனால் அந்தச் சங்கத்தில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியவை பெரும்பாலும் இரங்கல் தீர்மானங்கள்.

இப்படிப்பட்டவர் ஜெனீவாவுக்குப் போனது பாஸ்போர்ட்டால். மஸ்கட்டில் இருக்கும் மகள் துர்காவின் பிரசவத்துக்குப் போவதற்காக எடுத்தது. மகளோ பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கே வந்துவிட்டாள். பாஸ்போர்ட் பீரோவில் கன்னி கழியாமல் கிடந்தது. மாவட்டச் சிறுவணிகர் பேரவைக்கு உலக வர்த்தகத்தைப் பற்றிய கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, தலைவரின் பாஸ்போர்ட் காலாவதி, செயலாளருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. பாஸ்போர்ட் இருந்த ஒரே உறுப்பினரான தணிகாசலம் உலகச் சிறுவணிகர்களின் குரலானார்.

ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் கட்டடத்தைப் பார்த்ததும் அவருக்கு முதலில் பட்டது, இத்தனை தேசத்து ஜனங்கள் வந்துபோகும் இடத்தில் வாசலில் ஒரு கடைகூட இல்லையே என்பது. அவருக்கு மொழிபெயர்க்க வந்த பெண் பெயர் சினேகா. பெரம்பூர்க்காரி, அங்கே ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் வேலை. கூட்டத்தின் பொருள், அமைப்பைச் சீர்திருத்துவது. சீர்திருத்தம் வேண்டும் என்பதில் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து. எதை என்பதில் ஆளுக்கொரு கருத்து. எதையாவது மாற்ற வேண்டுமானால் எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். அப்பீல் விசாரிக்கும் நீதிபதிகளை நியமிக்க ஒரு பெரிய நாடு சம்மதிக்காததால் அந்த நாற்காலிகள் வருஷக்கணக்காகக் காலி. தணிகாசலத்துக்கு ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது.

இன்னொரு செய்தியைக் கேட்டபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே ஒரு நாடு தன்னை வளரும் நாடு என்று சொல்லிக்கொண்டால் சலுகை உண்டு.

“யாரு சொல்லணும்?” என்று சினேகாவைக் கேட்டார்.

“அவங்களே சொல்லிக்கலாம் சார்.”

“மத்தவங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்களா?”

“கேப்பாங்க. ஆனா…”

“ஆங், புரிஞ்சிடுச்சி.”

பிறகு ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, இந்த ‘எல்லோரும் ஒத்துக்கொள்வது’ என்ற வழக்கத்தால்தான் எல்லாம் முடங்கிக் கிடக்கிறது, அதைத் தளர்த்த வேண்டும் என்றார். தணிகாசலம் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“எங்க சங்கத்துல எல்லாரும் ஒத்துகினாதான் முடிவு. ஒருத்தன் வேணாம்னா வேணாம். கடைசிக் கடைக்காரனுக்கும் வாய் இருக்கணுங்க. அதைப் புடுங்கிட்டீங்கன்னா அப்பறம் பெரிய கடைதான் பேசும்.”

சினேகா மொழிபெயர்த்ததும் கைதட்டல் எழுந்தது. ஆப்பிரிக்க நாட்டுப் பெண்மணி ஒருவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். சொன்னது நல்ல வாதம்தான், அவர் மனதாரவும் சொன்னார். அந்தத் தெருவில் பெரிய கடை தன்னுடையது என்பது மட்டும் அவருக்கு அப்போது நினைவில் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

ஊர் திரும்பிய பிறகு தணிகாசலத்தோடு பேசுவது கடினமாகிவிட்டது. வாழைப்பழ விலையைக் கேட்டாலும் ஜெனீவா வழியாகத்தான் பதில் வந்தது. மனைவி மணியம்மை, குழம்புக்கு உப்புப் போடுவதற்கும் எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டுவிட்டு, தானே போட்டுக்கொண்டாள். அந்தச் சமயத்தில் சினேகாவிடமிருந்து போன் வந்தது. ஒருமித்து முடிவெடுக்கும் முறையை எப்படிச் சரியாக நடத்துவது என்று கட்டுரை எழுதுகிறாள். அவர் சொன்ன சங்கத்தை நேரில் பார்க்க வேண்டும். ஆனி மாதம் ஊருக்கு வருகிறாள்.

தணிகாசலம் முதல் இரண்டு நாள் பெருமையில் இருந்தார். மூன்றாம் நாள், கூட்டத்தில் யாராவது வாயைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற யோசனை வந்தது. சினேகாவுக்குத் தமிழ் தெரியும் என்பது ஜெனீவாவில் வசதியாக இருந்தது. இங்கே அதுவே ஆபத்து.

எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருளைத் தேடினார். ஆடிக் கிருத்திகைக்கு நீர்மோர்ப் பந்தல் என்று முடிவு செய்தார். மோரை யார் எதிர்ப்பார்கள்? ஆனால் அவருக்கு இது தேவைப்படுகிறது என்று தெரிந்ததும் மோருக்கும் விலை ஏறிவிட்டது. ஒருவர் சம்மதிப்பதற்குத் தணிகாசலத்திடமிருந்த பெரிய தார்ப்பாயைக் கேட்டார். ஒருவர் இரண்டு காவடி இரவல் கேட்டார். சங்கத் தலைவர் ராஜமாணிக்கத்திடம் மட்டும் சிரமமில்லை. அவர் கடைசியாக யார் பேசினாரோ அவரை ஒத்துக்கொள்கிறவர்.

எதிர்க்கடை பக்தவச்சலம் மணியம்மையின் தம்பி. மச்சானைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். அவன் எதுவுமே கேட்கவில்லை.

“எனக்கு இன்னா வேணும் பாவா. நீ நல்லா இருந்தா போதும்” என்றான்.

கேட்காததுதான் தணிகாசலத்தைப் பயமுறுத்தியது. மணியம்மையிடம் சொன்னபோது அவள், தன் தம்பி சின்னதாக எதையும் கேட்கவில்லை என்றால் பெரியதாக ஒன்றைக் குறி வைத்திருக்கிறான் என்று பொருள் சொன்னாள்.

கூட்டம் ராஜமாணிக்கத்தின் லாட்ஜ் மாடியில் நடந்தது. சினேகா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மோர்ப் பந்தல் வந்தது, எல்லோரும் கை தூக்கினார்கள், முடிந்தது. தணிகாசலம் டீ சொல்லி அனுப்பினார். டீ வருவதற்குள் பக்தவச்சலம் எழுந்தான்.

முனை ஸ்டாண்டு புதுக்கடைக்கு என்று விதி இருக்கிறது, இப்போது தெருவில் புதுக்கடை மணவூரிலிருந்து வந்த கெங்கம்மாளுடையது, கடை போட்டு இரண்டு வருஷமாகிறது, அதற்கு இடம் விட வேண்டும் என்று அமைதியாகச் சொன்னான். பிறகு மச்சானைப் பார்த்தான்.

“பாவா, கடைக்கு வயசு இருபத்திரண்டு. அதுக்குக் கல்யாணமே பண்ணி வச்சிடலாம். இன்னும் புதுக்கடைன்னு சொல்லிகினு இருந்தா எப்படி?”

எல்லோரும் ஒத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தார்ப்பாய் வாங்கியவரும் காவடி இரவல் வாங்கியவரும் முதலில் சொன்னார்கள். தணிகாசலம் எழுந்து, ஜெனீவாவில் ஜனத்தொகை மிகுந்த ஒரு நாடு தலைக்கணக்குக் காட்டித் தன்னை வளரும் நாடு என்று வாதாடியதை நினைவுபடுத்திக்கொண்டு பேசினார்.

“ஷட்டரைப் பாக்காதீங்க, தலைக்கு எவ்ளோன்னு பாருங்க. எங்க வூட்ல பதினோரு தலை. பிரிச்சா ஆளுக்கு இன்னா வரும்? கெங்கம்மா ஒத்த ஆளு. இப்படிக் கணக்கு போட்டா தெருவுல அதோடதுதான் பெரிய கடை.”

அந்த வாதத்தில் ஏதோ நியாயம் இருந்ததுதான் தொந்தரவு. ராஜமாணிக்கம் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். பக்தவச்சலம், முடிவாக ஒத்துக்கொள்கிறாரா இல்லையா என்று கேட்டான்.

தணிகாசலம் சினேகாவைப் பார்த்தார். ஒத்துக்கொண்டால் ஸ்டாண்டு போகும். ஆடிக் கிருத்திகைக்கு வேனில் வந்து இறங்கும் கூட்டம் முழுக்க அந்த ஸ்டாண்டில்தான் வந்து விழும். அந்த நாலு நாள் வியாபாரம்தான் வருஷத்தின் பாதி. ஒத்துக்கொள்ளாவிட்டால் பெயர் போகும். ஆனால் யோசிக்க யோசிக்க, பெயர் போகாத வழியும் ஒன்று தெரிந்தது.

“ஒத்துக்கல” என்றார். பிறகு சினேகாவிடம் திரும்பினார். “பாத்தியாம்மா? ஒருத்தன் வேணாம்னா வேணாம். இதைத்தான் நான் அங்க சொன்னேன்.”

“ஆமா சார். அப்படியே இருக்கு” என்றாள் சினேகா. அது பாராட்டா என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

தீர்மானம் இல்லை என்று ராஜமாணிக்கம் சொல்லி முடித்தபோதுதான், அதுவரை வாயே திறக்காத கெங்கம்மாள் பேசினாள்.

“அண்ணன் சொல்றது சரிதான். எல்லாரும் ஒத்துகினாதான் சங்கத்துத் தீர்மானம். ஆனா நாங்க மட்டும் ஒத்துகினு எங்க ஸ்டாண்டை ஒண்ணா ஒரு இடத்துல வச்சிகினா, அதுக்கு அண்ணனை எதுக்குக் கேக்கணும்?”

ராஜமாணிக்கம் யோசித்தார். கடைசியாகப் பேசியது கெங்கம்மாள். கேட்க வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

வேன்கள் நிற்கும் இடத்துக்கும் முன்னாலேயே, பக்தவச்சலத்துக்குச் சொந்தமாக ஒரு காலி மனை இருந்தது; சொந்த மனை தெருவில் சேராது, சங்க விதி அங்கே செல்லாது. அதில் பொது ஸ்டாண்டு. செருப்பை விடுகிறவருக்கு ஒரு கலர் டோக்கன், ஒவ்வொரு கடைக்கும் ஒரு கலர், எந்தக் கலரோ அந்தக் கடையில் தட்டு, முறை வைத்து மாறி மாறி. டீ வருவதற்குள் எல்லாம் பேசி முடிந்துவிட்டது. ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள் என்பது டீ ஆறுவதற்குள் தணிகாசலத்துக்குப் புரிந்தது.

இப்படிச் செய்ய இடமுண்டா என்று அவர் சினேகாவிடம் தனியாகக் கேட்டார். அங்கேயும் காலி நாற்காலிகளைப் பார்த்து அலுத்துப்போன சில நாடுகள், அப்பீலுக்குத் தங்களுக்குள்ளேயே தனி ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றன, சேராதவர்கள் அதைத் தடுக்க முடியாது என்று அவள் விளக்கினாள்.

“இதை ஏம்மா அங்கயே எனக்குச் சொல்லல?”

“சொன்னாங்க சார். அப்ப நீங்க காபி வாங்கப் போயிருந்தீங்க.”

ஆடி பிறந்தது. வேனிலிருந்து இறங்குகிற கால்கள் முதலில் கண்ட ஸ்டாண்டிலேயே செருப்பை உதறின. தணிகாசலத்தின் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் வெறுங்காலோடு வந்தார்கள். ஒரு வாரத்தில் அதன் மேல் தட்டில் ஒரு பூனை குடியேறியது. முனை இடம் இன்னும் முழுக்க அவருடையதுதான், சங்கத்தின் ஒருமித்த சம்மதம் இல்லாமல் யாரும் அதைத் தொட முடியாது.

அவர் பொது ஸ்டாண்டில் சேர விருப்பம் தெரிவித்தார். சேர்ந்துகொள்ளலாம், உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் என்றார்கள். இது நியாயமா என்று மணியம்மையிடம் கேட்டார். ஜெனீவாவில் கை தட்டினார்களே என்றாள் அவள். பக்தவச்சலம் அக்காவுக்குப் பயந்து சம்மதித்தான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கெங்கம்மாள் மட்டும், கிருத்திகை போகட்டும் என்றாள். ஒருத்தி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலையிலேயே கூட்டம் பொங்கிவிட்டது. ஆந்திரா பக்கத்திலிருந்து புஷ்பக் காவடிகள் மேளத்தோடு வந்துகொண்டிருந்தன. பொது ஸ்டாண்டில் தட்டுகள் நிரம்பி, செருப்புகள் தரையில் குவிந்து, இடது எது வலது எது என்று தெரியாமல் ஆளுக்கு ஆள் சண்டை. கெங்கம்மாள் டோக்கன் கட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தணிகாசலம் தன் கடையிலிருந்து இதைப் பார்த்தார். சந்தோஷமாகப் பார்க்கத்தான் நினைத்தார். ஆனால் தொழில் தெரிந்தவனால் செருப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. பூனையை இறக்கிவிட்டு, ஆள் வைத்து ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய் மனை வாசலில் இறக்கினார்.

கெங்கம்மாள் ஸ்டாண்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

“ஸ்டாண்டைச் சேத்துக்கலாம்ணா. ஆளைப் பத்தி அப்பறம் பேசலாம்.”

“சரிம்மா. மூணாவது தட்டு மட்டும் கொஞ்சம் ஆடும். தெரியாதவன் கை வச்சான்னா மொத்தமும் சாஞ்சிடும்.”

“அப்ப நீயே நின்னு அடுக்கு” என்று சொல்லிவிட்டு, டோக்கன் கட்டில் பாதியை அவர் கையில் திணித்தாள்.

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். டோக்கன்களைப் புரட்டிப் பார்த்தார். அத்தனை கலரும் இருந்தன, அவர் கடைக்கு மட்டும் கலர் இல்லை. முதலில் வந்தது நகரியிலிருந்து ஒரு தெலுங்குக் குடும்பம். முறைப்படி வந்தது பச்சை, கெங்கம்மாள் கடை. அவர் டோக்கனை நீட்டி, தெலுங்கில் வழி சொன்னார். அங்கே தேங்காய் நன்றாக இருக்குமா என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார்.

தணிகாசலம் தன் கடைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு, நன்றாகத்தான் இருக்கும் என்றார்.