தாடிக்காரர் கொடுத்த பாட்டு

இசக்கியப்பனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவன் பொறாமையைத்தான் சொல்ல வேண்டும். மற்றபடி நல்ல மனுஷன். பீடி கிடையாது, குடி கிடையாது. பக்கத்துக் கடையில் கூட்டம் மொய்த்தாலும் முகம் சுளிக்க மாட்டான்; அவர்களிடம் பை தீர்ந்துவிட்டால் தன் கடையிலிருந்து எடுத்துக் கொடுப்பான். மச்சினன் ராயகிரியில் மாடி வீடு கட்டியபோது கூடவே நின்று சுவருக்குத் தண்ணீர் ஊற்றினான். அப்படிப்பட்டவனுக்கு வயிற்றெரிச்சல் வந்தது பாட்டு மேல். அதுவும் சொந்தப் பெண்டாட்டி கேட்கிற பாட்டு மேல்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் அவன் பழக்கடை. எதிரே என் பஜ்ஜிக் கடை. சாரல் காலத்தில் அருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் என்னிடம் மிளகாய் பஜ்ஜி தின்பார்கள். அப்புறம் ரோட்டைக் கடந்து அங்கே ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்குவார்கள். அதனால் அந்தக் கடையில் நடப்பது எதுவும் எனக்குத் தப்பாது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவளுக்குக் கைதான் வேலை செய்யும், கண்ணும் காதும் சும்மாதானே கிடக்கும்?

அவன் பிறந்தது இலத்தூர். கொஞ்ச காலம் தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். பிறகு பழ மரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பறித்து விற்க ஆரம்பித்தான். மேலகரத்தில் ஆனந்தவள்ளியைக் கட்டினான், அந்த ஊரிலேயே தங்கிவிட்டான். பேச்சு குறைவு. பாட்டு என்றால் அவனுக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற ஒலிபெருக்கிக் குழாயின் சத்தம். கொடை முடிந்து குழாயை அவிழ்த்தால்தான் அவனுக்கு நிம்மதி.

ஆனந்தவள்ளி நேர் எதிர். அவளுக்குப் பாட்டு இல்லாமல் பழம்கூட எடை நிற்காது. ஒரு சீசனில் பெங்களூரில் நர்சிங் படிக்கிற மணிப்பூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து, ரம்புட்டானை உரித்துக்கொண்டே ஏதோ ஒரு பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். இவள் தராசை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள். "ஏம்மா, அந்தப் பாட்டை எனக்குக் குடுப்பியளா?" என்று தன் போனை நீட்டினாள். அதிலிருந்துதான் ஆரம்பம். அப்புறம் வெளியூர்க்காரர் யார் வந்தாலும் விட மாட்டாள். "நீங்க எந்த ஊரு? உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்களேன்." சொன்னவர்களுக்குப் பையில் ஒரு மங்குஸ்தான் கூடுதலாக விழும். வாங்கினதைப் பூட்டியும் வைக்க மாட்டாள். வேறொருவர் கொடுத்த பாட்டைப் பதிலுக்கு அவர்கள் போனுக்கு அனுப்புவாள்.

பேர் வைப்பதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. மணிப்பூர் ரம்புட்டான், கொல்லம் டீச்சர், யாழ்ப்பாணத்து மாமா, துரியன் வாங்கின வங்காளி என்று கொடுத்தவர் பெயரில்தான் பாட்டு இருக்கும். பாண்டிச்சேரியில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மா கொடுத்ததில் சாக்ஸபோன் மட்டும் தனியாக அழும். பட்டாளத்துக்காரர் ஒருவர் கொடுத்த பஞ்சாபிப் பாட்டுக்கு என் கரண்டியே ஆடும். கொல்லத்து டீச்சர் வீட்டில் மணிப்பூர்ப் பாட்டு, மணிப்பூரில் ஏதோ ஒரு வீட்டில் கொல்லத்துப் படகுப் பாட்டு, இரண்டுக்கும் நடுவில் மேலகரத்துக்காரி ஒருத்தி.

எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை என் பக்கம் திருப்பி வைப்பாள். என்னிடம் பாட்டு கேட்டதில்லை. தினமும் பார்க்கிற முகத்திடம் எதற்குக் கேட்கப் போகிறாள்? அது வேறு விஷயம்.

இசக்கியின் முகம் கறுக்க ஆரம்பித்தது அப்போதுதான். கூடுதலாகப் போகிற மங்குஸ்தானுக்காக எரிகிறான் என்று நான் நினைத்தேன். ஒரு நாள் டீ குடிக்க இந்தப் பக்கம் வந்தவனிடம் கேட்டேவிட்டேன். "ஏல இசக்கி, ஒத்தப் பழத்துக்கா இந்த மூஞ்சி?"

"பழம் கெடக்கட்டும்க்கா. அவ மூஞ்சியப் பாருங்க. அந்த வங்காளி பாட்டு ஓடுதப்ப எப்படி இருக்குன்னு பாருங்க. நான் பொண்ணு பாக்கப் போனன்னைக்குக்கூட அப்படி இல்ல."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சிரிக்கவில்லை.

"ஊருல போறவன் வாறவன் எல்லார்ட்டயும் உமக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு கேக்கா. எங்கிட்ட ஒரு நாளாவது கேட்டாளா? நானும் கூடவேதான நிக்கேன்."

"சரிடே, உனக்குப் பிடிச்ச பாட்டுதான் எது?"

திருதிருவென்று விழித்தான். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "அதை அவ கேக்கட்டும்" என்று எழுந்து போனான்.

மறுநாளே தென்காசிக்குப் போனான். அங்கே ஹம்தான் என்று ஒருவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஷார்ஜாவில் பல தேசத்துக்காரர்களோடு ஒரே அறையில் கிடந்துவிட்டு வந்தவன், பாட்டு விஷயம் தெரிந்தவன். "இதுவரைக்கும் யாருமே எம் பொண்டாட்டிக்குக் குடுக்காத பாட்டா வேணும்" என்று இசக்கி கேட்டதும் அவன் மிரண்டு போனானாம். மத்தியானம் பூராவும் இருவரும் தேடியிருக்கிறார்கள். ஒன்று இரைச்சல், ஒன்று தூக்கம், ஒன்று ஆட்டுக்கல் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டான். கடைசியில் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பாலைவனத்துப் பாட்டு வந்தது. ஒரு கம்பி வாத்தியம், தொண்டை கட்டின ஒரு ஆள். யாரையோ ரொம்ப தூரத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இழுக்கிறான். இசக்கி கடைசி வரைக்கும் கேட்டான். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான். தன் போனில் ஏற்றிக்கொண்டான். இவ்வளவு வயதுக்கு மேல் அந்த மனுஷனுக்கு ஒரு பாட்டுப் பிடித்துவிட்டது!

ஊருக்கு வந்ததும் என்னிடம்தான் முதலில் போட்டுக் காட்டினான். நல்ல பாட்டு, பொய் சொல்ல மாட்டேன். "நேரா போய் அவகிட்ட குடு" என்றேன்.

"கேக்காம நீட்டுனா அதுக்கு என்ன மதிப்பு? உங்களுக்கு எதுக்குப் பாட்டுன்னு சிரிப்பா."

கௌரவம்! வயிறு எரிந்தாலும் கௌரவத்துக்குக் குறைச்சல் இல்லை. அப்போது என் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார் ஒரு பெங்களூர்க்காரர். தமிழ் பேசினார். கரிய தாடி, நல்ல உயரம், சிரித்த முகம். இசக்கி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து குசுகுசுவென்று ஏதோ சொன்னான், போனை நீட்டினான். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சரிங்கண்ணா, எனக்குப் பிடிச்ச பாட்டுன்னே சொல்லிடறேன்" என்றார். எதிரே போனார். ஆனந்தவள்ளி வழக்கம்போலக் கேட்டாள், அவர் கொடுத்தார், மங்குஸ்தான் விழுந்தது. இசக்கி தன் பங்குக்குத் தாராளமாக ரம்புட்டானும் அள்ளிப் போட்டான்.

இதற்குப் பெயர்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது.

அவளுக்கு அந்தப் பாட்டு அப்படிப் பிடித்துப்போனது. கடை திறந்ததும் அது, மத்தியானம் அது, தார்ப்பாய் மடிக்கும்போதும் அது. 'தாடிக்காரர்' என்று பெயர் வைத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் அனுப்பினாள். அனுப்புவதோடு விட்டாளா? "பெங்களூர்ல இருந்து ஒரு தாடிக்காரர் வந்து குடுத்தார். இப்படி ஒரு பாட்டுப் பிடிக்கணும்னா எப்பேர்ப்பட்ட மனசா இருக்கணும்!" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பின்னால் கூடை அடுக்குகிறவனின் காதில் புகை வருவதை நான் இங்கிருந்தே பார்த்தேன்.

பழைய பொறாமையாவது வங்காளி மேல், பிரெஞ்சுக்காரி மேல். இது தானே கூப்பிட்டு வந்த ஆள் மேல். சாப்பாடு இறங்கவில்லை. என்னிடம் வந்து, "அவன் தாடியும் மூஞ்சியும்! ஒரு பாட்டை ஒழுங்காக் கேக்கத் தெரியுமா அவனுக்கு?" என்று பொரிந்தான். பிறகு அவளிடமே, "என்ன நாராசம் இது, நிப்பாட்டு" என்று கத்தினான். "உங்களுக்கு என்ன தெரியும் பாட்டப் பத்தி?" என்றாள் அவள். தன்னுடைய பாட்டைத் தானே திட்டி, அதற்காகப் பெண்டாட்டியிடம் ஏச்சும் வாங்கிய ஒரே ஆள் உலகத்தில் அவனாகத்தான் இருப்பான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காற்று பலமாக அடித்துத் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்தது. தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவள் போன் மேல் கொட்டியது. ஹம்தான் என்னென்னவோ செய்து பழைய பாட்டுகளையெல்லாம் மீட்டுக் கொடுத்தான். கடைசி சில வாரத்துப் பாட்டுகள் மட்டும் வரவில்லை. தாடிக்காரர் போய்விட்டார்.

அன்றைக்கு இசக்கி என்னிடம் இரண்டு பஜ்ஜி கூடுதலாக வாங்கித் தின்றான். "ஒழிஞ்சாம்க்கா" என்றான்.

ஆனந்தவள்ளிக்கு முகம் செத்துவிட்டது. பாட்டின் பெயர் தெரியாது, பாடினவன் பெயர் தெரியாது, கொடுத்தவர் நம்பரும் இல்லை. அவள் அனுப்பின ஆட்களின் நம்பரும் அதோடு போயிருந்தது. தாடி வைத்த ஆள் யார் வந்தாலும் எட்டி எட்டிப் பார்த்தாள். மற்றப் பாட்டு எதையும் போடவில்லை. எதிர்க்கடை ஊமையாகிவிட்டது. இசக்கியின் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அவளை ஓரக்கண்ணால் பார்ப்பதும், சட்டைப்பையில் இருந்த தன் போனைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தான். வெளியே எடுத்தால் குட்டு உடைந்துவிடும்; எடுக்காவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் வாய்தான் காட்டிக்கொடுத்தது. மழை விட்டு வானம் வெறித்த ஒரு சாயங்காலம், அழுகின ரம்புட்டானைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, தன்னை அறியாமல் அந்தப் பாட்டை முனகினான். அந்த இழுப்பு, அந்தக் கட்டின தொண்டை, எல்லாம் அப்படியே. ஆனந்தவள்ளி துள்ளித் திரும்பினாள்.

"அதான்! அதான் அந்தப் பாட்டு! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ… நீ தெனமும் போட்டா மண்டையில ஏறாதா?"

"நிப்பாட்டாதீங்க, இப்படியே பாடுங்க. ஹம்தான் கேட்டாம்னா கண்டுபிடிச்சிருவான்." அவன் சட்டைப்பையில் கையை விட்டுப் போனை எடுத்தாள். அவன் தடுப்பதற்குள் ஹம்தானைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். "ம், பாடுங்க!"

வேறு வழியில்லாமல் பாடினான். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முழுசாக ஒரு வரி முடியவில்லை, அதற்குள் ஹம்தான் குரல் ரோட்டின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, இது நீங்க எங்கடையில உக்காந்து மத்தியானம் பூரா தேடி எடுத்ததுல்லா? உங்க போன்லயே கெடக்குமே! அக்காவுக்குக் குடுக்கணும்னு கேட்டீங்க, இன்னும் குடுக்கலயா?"

நான் அடுப்பைத் தணித்தேன். இதை விட்டுவிட்டுப் பஜ்ஜி போடவா முடியும்?

ஆனந்தவள்ளி போனை மெதுவாக வைத்தாள். "அப்பம் அந்தத் தாடிக்காரர்?"

"நாந்தான் குடுக்கச் சொன்னேன்."

"எதுக்கு? நீங்களே குடுத்தா என்ன?"

அவ்வளவுதான், இத்தனை வருஷத்துப் பேச்சும் ஒரே மூச்சில் வந்தது. "நீ கேட்டியாட்டி? வங்காளிகிட்ட கேக்க, பட்டாளத்தான்கிட்ட கேக்க, பேர் தெரியாதவன் எல்லார்ட்டயும் கேக்க. கூடவே நிக்குத மனுசன்கிட்ட ஒரு நாளு கேட்டியா? இந்த நாய்க்கும் ஒண்ணு புடிக்குமான்னு கேட்டியா?"

அவள் கூடைக்குள் கையை விட்டாள். ஒரு பழத்தை எடுத்துத் துணியால் துடைத்தாள்.

"கேட்டேன்" என்றாள். "கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போனோம்லா, பஸ்ல பாட்டு ஓடிச்சு. உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்னு கேட்டேன். பாட்டு என்ன சோறா போடும், சும்மா வான்னு சொன்னீங்க. அதோட வாயை மூடுனவதான். பொறவு அந்த மணிப்பூர்ப் பிள்ளையகிட்டதான் மறுபடி கேட்டேன். அதுக சிரிச்சுக்கிட்டே குடுத்துச்சு."

இசக்கிக்கு அது ஞாபகமே இல்லை. அவன் முகத்திலேயே தெரிந்தது. ஒரு கூடையைத் தூக்கினான், திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

அப்போது ஆனந்தவள்ளி வாடிக்கைக்காரரிடம் பேசுகிற அதே குரலில், சிரிக்காமல் கேட்டாள். "நீங்க எந்த ஊரு?"

"இ… இலத்தூரு."

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்களேன்."

"அதான். அந்த… ஒட்டகக்காரன் பாட்டு."

துடைத்து வைத்திருந்த மங்குஸ்தானை அவன் கையில் வைத்தாள். பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரை என் பக்கமும் திருப்பினாள். அவன் அந்தப் பழத்தைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தை அப்போது பார்த்தேன். வங்காளி பாட்டுக்குக்கூட அப்படி இருந்ததில்லை.

அன்றோடு இசக்கியின் வயிற்றெரிச்சல் தீர்ந்தது. தீர்ந்தது எங்கே போகும்? ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்துவிட்டது. ஒரு கோபத்தில் கத்தினான், அவனுக்குக் கிடைத்துவிட்டது. நான் இத்தனை வருஷமாக எதிரே நிற்கிறேன். அவளுக்குச் சில்லறை நான், பசிக்குப் பஜ்ஜி நான், கடையை விட்டுப் போனால் காவலும் நான். அவள் வாங்கின பாட்டு ஒவ்வொன்றையும் முதலில் கேட்ட காது என்னுடையது. எனக்குப் பிடித்தது எது என்று அந்த மகராசிக்கு ஒரு தடவை தோன்றவில்லையே!

"அக்கா, பாட்டு எப்படி இருக்கு?" என்று அங்கிருந்து கத்தினாள்.

"எண்ணெய் காயுதுட்டி, அப்புறமா சொல்லுதேன்" என்றேன்.

எனக்கும் ஒரு பாட்டு உண்டு. புருஷன் இருந்த காலத்தில்கூட யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் உடனே சொல்ல, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நாக்கிலேயே வைத்திருக்கிறேன். அதை அவள் கேட்கட்டும்.