மதுரை வந்துருச்சு, படம் முடியலை

டிக்கெட் கிழிச்சு, சில்லறைக்கு மல்லுக்கட்டி, படியில தொங்குறவனைத் திட்டி உள்ளே ஏத்துறதுகூடப் பெரிசில்லை. இன்னைக்கு என்ன படம் போடுறதுங்கிறதுதான் கண்டக்டர் வேலையில பெரிய ரோதனை. டிவி வச்ச பஸ்ஸுல மாட்டிக்கிட்ட சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா? நான் ஓடுறது அருப்புக்கோட்டை–மதுரை தனியார் பஸ்.

காலையிலேயே அருவாளா?

எங்க எட்டு மணி ட்ரிப்புல முக்காவாசி பொம்பளைகதான். ஜவுளிக்கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஸ்கூலுக்கு வேலைக்குப் போறவுக. நானும் விவரம் இல்லாம அடிதடிப் படமாவே போட்டுக்கிட்டு இருந்தேன். ஊர் எல்லையைத் தாண்டுறதுக்குள்ள ஹீரோ பத்துப் பேரைச் சாய்ச்சிருப்பான். ஒரு நாள் ஜவுளிக்கடை முனியம்மா அக்கா பொறுக்க மாட்டாம எந்திரிச்சுட்டாக.

"ஏப்பா, சோறு பொங்கி, பிள்ளைகளக் கிளப்பிவிட்டு, ஓடி வந்து உக்காந்தா இங்கயும் ஆம்பளைக சத்தம்தானா?"

ஹேமாவின் பென் டிரைவ்

அப்பத்தான் முன் சீட்டுல இருந்த ஹேமா ஒரு பென் டிரைவை நீட்டுச்சு. மதுரையில சினிமாப் படிப்புல கடைசி வருசம். உள்ளே இருந்தது பூராம் பொம்பளைகளை வச்சு ஓடுற கதைக, இல்லைன்னா பொம்பளைகளே எடுத்த படங்க. சமையக்காரம்மா கடை போடுற கதை, கபடி ஆடுற அக்கா தங்கச்சி கதைன்னு ஒவ்வொண்ணும் அம்சம். பஸ்ஸுல பேச்சுமூச்சு இல்லை. டிரைவர் ப்ரேக் போட்டாக்கூட என்னையத்தான் முறைக்குறாக!

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ஆரம்பத்துல ஓடுற பேர்களை எல்லாம் தள்ளிவிட்டு நேரா கதைக்குப் போயிருவேன். அன்னைக்கு ஹேமா போட்ட சத்தத்துல டிரைவரே திரும்பிப் பார்த்தாரு.

"தள்ளாதீங்கண்ணே, அந்தப் பேரைப் பாக்கத்தான் நான் டிக்கெட்டே எடுத்தேன்!"

கதை சொல்லும் கண்டக்டர்

பஸ்ஸுல ஒரு சாபக்கேடு உண்டு. படம் முடியுறதுக்கு முன்னாடி மதுரை வந்துரும். மிச்சத்தைத் திரும்புற ட்ரிப்புல போடுவேன், ஆனா காலையில வந்தவுக அதுல இருக்க மாட்டாக. அதனால மறுநாள் காலையில எனக்கு முதல் வேலை கிளைமாக்ஸ் சொல்றது. கபடிப் படத்துக்கு நின்ன இடத்துல ஆடியே காட்டினேன். காரியாபட்டியில இறங்குற டீச்சரம்மா ஸ்டாப்பு வந்தும் இறங்காம, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாக.

"ஜெயிச்சாளா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க, இல்லாட்டி எனக்குப் பாடம் நடத்த ஓடாது!"

தறி முதலாளி ஏறின நாள்

இதுக்கு நடுவுல ஹேமா பாடு திண்டாட்டமாப் போச்சு. படிப்பு முடியுற நேரம், சென்னையில படத்துக்குக் கேமரா பிடிக்கிற ஒரு அம்மா, மாசக் கடைசிக்குள்ள வந்தா உதவியாளாச் சேத்துக்கிறேன்னு சொல்லிட்டாக. ஹேமாவோட அப்பா கோவிந்தன் விசைத்தறி வச்சிருக்கிறவரு. கேமரா தூக்குறது ஆம்பள வேலைன்னு ஒரே பிடியா நின்னாரு. அவ போயிட்டா எனக்குப் படம் போச்சு. இருந்தாலும் அந்தப் பிள்ளை போகணும்னுதான் என் மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு.

ஒரு நாள் கோவிந்தனே பஸ்ஸுல ஏறினாரு, தறி மோட்டாருக்குச் சாமான் வாங்கணும்னு. அப்பா கண்ணுல படாம ஹேமா நைசாப் பின் சீட்டுக்குப் போயிருச்சு. அன்னைக்குன்னு ஓடினது தண்ணி லாரி ஓட்டுற ஒரு விதவையோட கதை. அந்தச் சென்னை அம்மா கேமரா பிடிச்ச படம். செம்மண் புழுதி, வெயிலு, காலிக் குடத்தோட நிக்கிற சனம், எல்லாம் நம்ம திருச்சுழி காட்டைப் பார்த்த மாதிரியே இருக்கும். மனுசன் துண்டை வாயில வச்சுக்கிட்டு இமை கொட்டாம பாக்குறாரு. லாரி பள்ளத்துல சாயுற நேரம் மதுரை வந்துருச்சு. ஹேமா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே இறங்கிப் போச்சு.

கோவிந்தன் இறங்கலை. "தண்ணி ஊருக்குப் போய்ச் சேந்துச்சா, இல்லையா?"ன்னு என்னைய மறிச்சாரு. ஊருக்கே கிளைமாக்ஸ் சொல்ற வாய் இது! நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. கடிச்சு முழுங்கிட்டு, "எனக்குத் தெரியாது முதலாளி, திரும்புற ட்ரிப்புல போடுவேன்"னு புளுகிட்டேன். மோட்டார் சாமானை மறந்துட்டு மனுசன் திரும்பவும் ஒரு டிக்கெட் எடுத்தாரு.

பஸ்ஸு காரியாபட்டியைத் தாண்டவும் படத்துல லாரி ஊருக்குள்ள நுழைஞ்சுச்சு, மனுசன் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. பேர்கள் ஓட ஆரம்பிச்சுச்சு. ஒளிப்பதிவுன்னு ஒரு பொம்பளை பேரு வந்த இடத்துல எந்திரிச்சு டிவிகிட்டயே போயிட்டாரு. "இம்புட்டுப் புழுதியிலயும் ஒரு பொம்பளையா நின்னு இதப் பிடிச்சது?"ன்னாரு. "ஆமா முதலாளி, இவுககிட்டதான் நம்ம ஹேமா வேலைக்குக் கேட்டிருக்கு"ன்னேன். அதிகப்பிரசங்கித்தனமாப் பேசிட்டமோன்னு, சில்லறை எண்ணுற மாதிரி முன்னாடி நகர்ந்துட்டேன். அருப்புக்கோட்டை ஸ்டாண்டுல எல்லாரும் இறங்கின பிறகு மெதுவா என் பக்கத்துல வந்தாரு.

"இங்கருந்து சென்னைக்கு நேரா பஸ்ஸு இருக்காப்பா, இல்ல பிள்ளை பெட்டியத் தூக்கிக்கிட்டு மதுரையில மாறணுமா?"

ஹேமா சென்னையில வேலைக்குச் சேந்துருச்சு, புதுப் படம் கொடுக்க எனக்கு ஆளில்லை, அது பேரு டைட்டில்ல வர்ற வரைக்கும் இந்த பஸ்ஸுல அதே தண்ணி லாரிதான் ஓடும், யாரும் என்னைய முறைக்காதீக.