வீட்டில் இருப்பவன் யார்?

போன கிழமை ஒருநாள் பின்னேரம் வெளிநாட்டிலிருந்து ஒரு ரெலிபோன் அழைப்பு. நியூரோசயன்ஸ் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்கான நேர்முகம். எடுத்த எடுப்பிலேயே பேராசிரியை கேட்டார்: "உளவியல் படித்தவருக்கு மூளையோடு என்ன வேலை?"

நியாயமான கேள்வி. நரம்பு, கலம், மின்னோட்டம் — எனக்கு ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே சில பல்கலைக்கழகங்கள் இதைச் சொல்லியே கையை விரித்துவிட்டன.

நான் குகனின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் உளவள நிலையத்துக்கு ஒருநாள் குகன் வந்தார். ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை. கொட்டாஞ்சேனை வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்.

"மிஸ், அம்மா என்னை வேற ஆரோ எண்டு சொல்லுறா."

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது. காயம் ஆறிவிட்டது. சமையல், சாமி கும்பிடுவது, அயலவர் பெயர்கள் — எல்லாம் பழையபடி. மகன் மட்டும் அந்நியனாகிவிட்டான்.

போய்ப் பார்த்தேன். அம்மா என் காதோடு சொன்னார்: "முகம் அவன்ரதான், பிள்ளை. மச்சம்கூட இருக்கு. நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள்... ஆனா இது அவன் இல்லை."

யுத்தம் நடக்கும், ஆட்கள் காணாமற்போகும் காலம். பயம்தான் இப்படிப் பேசுகிறது என்று நினைத்தேன். படித்தது அதுதானே?

ஆனால் ஒன்று இடித்தது. கடையிலிருந்து குகன் போன் எடுத்தால் அம்மா அழுவார். "எங்கயடா நிக்கிறாய்? உன்ர கட்டில்ல ஆரோ படுக்கிறான். கெதியா வா!"

தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே கேட்டுக்கொண்டு நிற்பார் குகன். "வாறன் அம்மா" என்பார். வருவார். கதவைத் திறக்கும் அம்மா, அவரைக் கண்டதும் ஓரடி பின்னால் போவார். கண்முன்னால் நின்று பேசினால் அதே குரலையும் நம்பமாட்டார்.

ஒரு ஞாயிறு காலை, நான் அங்கே இருந்தபோது பொலிஸும் ஆமியும் வீடுவீடாகச் செக்கிங் வந்தார்கள். கொழும்பில் தமிழருக்கு இது புதிதா என்ன? பொலிஸ் அதிகாரி குகனின் அடையாள அட்டையைப் பார்த்தார். குகனைப் பார்த்தார். அம்மாவிடம் திரும்பினார்.

"மே ஒயாகே புதாத?" — இது உங்கள் மகனா?

"நெஹே, மாத்தயா." அம்மா தலையாட்டினார். இல்லையாம். யாரென்றே தெரியாதாம்.

வாசலில் ட்ரக் நின்றது. அதில் ஏற்கெனவே சந்தேகத்தில் பிடிபட்ட சில இளைஞர்கள். குகனின் உதடு வெளுத்துவிட்டது. அம்மா தலையில் அடிபட்டவர், சுகமில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். யார் நம்புவார்? சொல்வது பெற்ற தாய் அல்லவா!

சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. அதிகாரியிடம் அனுமதி கேட்டேன். "குகன், அறைக்குள்ள போய் அங்கயிருந்து அம்மாவைக் கூப்பிடுங்கோ."

ஒரு சிப்பாய் கூடவே போனான். அறைவாசல் திரைச்சீலை மூடியது.

"அம்மா... நான் குகன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "மகே புதா! என்ர பிள்ளை வந்திட்டான்!" அதிகாரியின் கையையே பிடித்துக்கொண்டார்.

திரைச்சீலை விலகி, குகன் வெளியே வந்தார்.

அம்மாவின் கை விழுந்தது. "நீயா?... அவன் எங்க?"

அதிகாரி அட்டையைத் திருப்பித் தந்தார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ஆஸ்பத்திரியில் நரம்பியல் டொக்டர் ஸ்கான் படத்தைக் காட்டினார். முகத்தை அடையாளம் காண மூளையில் ஒரு வழி. அதைக் கண்டதும் 'என்னுடையவன்' என்று நெஞ்சு இளக இன்னொரு வழி. விழுந்ததில் இரண்டாவது அறுந்திருக்கலாம் என்றார். குரலின் வழி தப்பிவிட்டது. நான் மனம் என்று நினைத்தது மூளை! அன்றுதான் முதல் விண்ணப்பத்தை எழுதினேன்.

போனில் பேராசிரியை இதை முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒரு வருடம் உயிரியல் அடிப்படைகளைப் படித்துவிட்டு வாருங்கள். இடம் தருகிறோம்."

சந்தோஷத்தைக் குகனிடம் சொல்லப் போனேன். மருந்தால் அம்மாவில் பெரிய மாற்றமில்லை. ஆனால் குகன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கடையிலிருந்து போன் எடுத்து, "அம்மா, வீட்டில நிக்கிற அந்தப் பொடியனுக்கும் சோறு போடுங்கோ, பாவம்" என்கிறாராம்.

மகன் சொன்னால் தட்டுவாரா? போடுகிறார்.

மறுநாள் போனில் மகனிடம் சொன்னாராம்: "பொல்லாதவன் இல்லையடா. உன்னை மாதிரியே கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கிறான்."