திறக்காத கழிப்பறைக்கு ஒரு திறப்பு விழா

கல்வி மாவட்ட அலுவலகத்தில் அவளுக்குப் பேர் கடுகு. ஆள் குள்ளம், வாய் காரம். இருபத்திரண்டு வருஷமாக அதே மூலை மேசை, ஒரு கால் ஆடுகிற அதே நாற்காலி. தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தது ஒன்றுதான் மாற்றம். அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். வந்த முதல் வாரம் ஒவ்வொருவரும் "நான் வேற மாதிரி ஆளு" என்பார்கள். என்ன வேற மாதிரி? முன்னவருக்குத் தொப்பை, இவருக்கு வழுக்கை.

மாவட்டப் பள்ளிகளைப் பற்றி மாதாமாதம் நாலு பக்கத்தில் ஒரு செய்தி மடல் வரும். அதை அடிப்பது கடுகின் வேலை. அதைப் படிப்பது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. பள்ளிகளில் அதைப் பிரித்து மேசை டிராயருக்குள் விரிப்பார்கள். அச்சகக்காரர் பத்து நாள் எடுத்துக்கொள்வார் என்பதால், நடக்கப் போகிற விழாவை நடந்து முடிந்ததாக முன்கூட்டியே அடித்துவிடுவது அலுவலக வழக்கம். ஒரு தடவை மழையில் நின்றுபோன விளையாட்டு விழாவில் மூன்று பேர் பரிசுகூட வாங்கினார்கள், மடலில்.

இன்னொரு வழக்கமும் உண்டு. என்றைக்கோ தலைமை அலுவலகம், பள்ளி வேலைகளில் ஊர் மக்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அன்றிலிருந்து எந்தச் செய்தியானாலும் கடுகு 'பொதுமக்களின் பங்களிப்புடன்' என்று சேர்த்துவிடுவாள். பெஞ்சு வந்தாலும் சரி, கரும்பலகைக்குக் கறுப்படித்தாலும் சரி, பொதுமக்களின் பங்களிப்புடன்தான். ஒரு தலைமையாசிரியர் பொறுப்பேற்றதுகூட அப்படித்தான். யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். "முட்டாப் பசங்க" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடிப்பாள்.

பொதுமக்களின் பங்களிப்பு எப்படி இருக்கும் என்று அவள் கண்ணால் பார்த்தவள். ஊர் அரசுப் பள்ளியில் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம்; அதிகாரியோடு குறிப்பெடுக்க இவளும் போவாள். வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வேலை இருந்தா போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். உள்ளே மிச்சமிருப்பது பெற்றோர் சங்கத் தலைவரும் மின்விசிறியும். தலைவர் பெயிண்ட் கடைக்காரர். பள்ளிக்கு எது வேண்டும் என்று கேட்டாலும் சுவருக்குப் பெயிண்ட் என்பார். இந்த வருஷம் கொஞ்சம் வளர்ந்து, பெயிண்ட் அடித்த அலங்கார வளைவு என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்தக் கூட்டத்தில்தான் கடுகின் தங்கை எழுந்து நின்றாள். தையல்காரி. இருவரும் ஒரே வீடு. தங்கை மகள் அந்தப் பள்ளியில் ஏழாவது.

"வளைவு இருக்கட்டுங்க. நானூறு பொம்பளைப் புள்ளைங்களுக்கு ரெண்டு கக்கூஸு. ஒண்ணுக்குக் கதவு இல்ல, ஒண்ணுக்குத் தண்ணி இல்ல. எம் பொண்ணு பள்ளிக்கூடம் விடற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. போன மாசம் ஆஸ்பத்திரியில சேர்த்தேன். இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னிக்குப் போயிடும்னு டாக்டர் சொல்றாரு."

அதிகாரி ஆவன செய்வதாகச் சொன்னார். ஆச்சரியம், செய்தார். தலைமை அலுவலகத்தில் பணம் ஒதுக்கிப் பட்டியலில் சேர்த்தார்கள். 'மாணவியர் கழிப்பறை' என்ற வரியைக் கடுகு தன் கையாலேயே அடித்தாள். அன்றைக்கு வீட்டில் தங்கையிடம், "கூட்டத்துல நீ பேசினதும் ஒரு பேச்சாடி?" என்று சொன்னாளே தவிர, உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த மடலுக்கு அதிகாரி துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்: 'மா. கழிப்பறை திறப்பு. பெரிசாகப் போடவும்.' ஒப்பந்தக்காரர் ஒரே மாதத்தில் முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். கடுகு அன்று எரிச்சலில் இருந்தாள். சீட்டைப் பார்த்தாள், விரல் அது பாட்டுக்கு ஓடியது: 'பொதுமக்களின் பங்களிப்புடன் கட்டி முடிக்கப்பட்ட மாணவியர் கழிப்பறையை அதிகாரி திறந்து வைத்தார். பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்.'

ஒப்பந்தக்காரர் முதலில் வளைவைக் கட்டினார். பெயிண்ட் கடைக்காரருக்கு மச்சான்; வேறென்ன?

மடல் வெளியான பதினைந்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரித்தவளும் கடுகுதான். 'கழிப்பறை பொதுமக்களின் பங்களிப்பிலேயே கட்டி முடிக்கப்பட்டதைத் தங்கள் மடல் வாயிலாக அறிந்து மகிழ்கிறோம். எனவே ஒதுக்கிய தொகை திரும்பப் பெறப்படுகிறது.'

அடப்பாவிகளா! இருபத்திரண்டு வருஷமாக எவனும் படிக்காததை இந்த ஒரு தடவை எவனோ ஒருத்தன் உட்கார்ந்து படித்திருக்கிறான். அதிகாரியின் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதில் பொதுமக்களும் இல்லை, பங்களிப்பும் இல்லை. அந்த வார்த்தை இவளுடையது. ஊரையே முட்டாள் என்று ஏசிக்கொண்டிருந்தவள், தன் வீட்டுப் பிள்ளை வயிற்றில் தானே அடித்திருந்தாள்.

சீட்டோடு அதிகாரியிடம் போனாள்.

"சார், ஒரு திருத்தம் போடணும். இல்லன்னா பணம் வராது."

"திருத்தமா? நம்ம மடல்ல இதுவரைக்கும் திருத்தம் போட்டதே இல்லையேம்மா. போட்டா நாம பொய் சொன்னோம்னு ஆயிடும்."

"சொன்னோமே சார்."

"அடுத்த வருஷப் பட்டியல்ல சேர்த்துக்கலாம். ஒரு வருஷம்தானே."

"ஒரு வருஷம் நீங்க அடக்கிட்டு இருப்பீங்களா சார்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு, போகலாம் என்று அர்த்தம்.

அன்று மாலை தங்கை மகள் பையைப் பிரித்தாள். காலையில் கொடுத்த தண்ணீர் பாட்டில் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது. தினமும் அப்படித்தான் வரும், தினமும் பார்ப்பதுதான். இன்றைக்கு அதைக் கையில் வாங்கிய கடுகு அடுப்படியில் போய் நின்று அழுதாள். தங்கை ஓடி வந்தாள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"உம் பொண்ணோட கக்கூஸை நான்தான்டி இடிச்சேன்."

நடந்ததைச் சொன்னாள். தங்கை கையிலிருந்த ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டாள். பிறகு சொன்னாள்: "அப்ப நீயேதான் கட்டணும்."

அடுத்த மாத மடலின் முதல் பக்கத்தில் வளைவின் படம் வர வேண்டும். கடுகு அந்த இடத்தில் வேறொன்றை அடித்தாள்: 'சென்ற இதழில் திறக்கப்பட்டதாகச் சொன்ன மாணவியர் கழிப்பறை இன்னும் கட்டப்படவே இல்லை. அஸ்திவாரமும் தோண்டவில்லை. பொதுமக்கள் ஒரு செங்கல்லும் தரவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனந்தக் கண்ணீர் யாரும் வடிக்கவில்லை. நானூறு பெண் பிள்ளைகள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. பொய்யை அடித்தது நான். இப்படிக்கு, தட்டச்சர்.'

புரூஃபை எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனாள். அவர் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினாள். அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு நீட்டினார். இந்த மனுஷரின் சோம்பேறித்தனத்துக்கு முதல் தடவையாக அவள் மனசார நன்றி சொன்னாள்.

மடல் வெளியானபோது பெரிய கூத்து. தலைமை அலுவலகத்தில் அந்தப் படிக்கிறவன் இதையும் படித்தான். பணம் திரும்பி வந்தது. கடுகுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை தயாரானது. அலுவலகத்தில் வேறு தட்டச்சர் கிடையாது என்பதால் அதிகாரி சொல்லச் சொல்ல அதையும் அவளே அடித்தாள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டாள். பழைய வினாத்தாள்கள் அடுக்கிய கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி ஆடாது. சம்பள உயர்வு ஒரு வருஷம் நின்றது.

ஏழு மாதம் கழித்துக் கழிப்பறை வந்தது. எட்டு அறை, எட்டுக்கும் கதவு, குழாயைத் திருகினால் தண்ணீர். அதிகாரி ரிப்பன் வெட்டினார். அவருடைய அயராத முயற்சியைப் புதுத் தட்டச்சர் முதல் பக்கத்தில் போட்டிருந்தார். பெயிண்ட் கடைக்காரர் கதவுகளுக்கு இலவசமாகப் பெயிண்ட் அடித்து, எட்டுக் கதவிலும் கடை பெயரை எழுதிக்கொண்டார். கடுகை யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தால், "கக்கூஸுக்கு ரிப்பன் கட்டுற கூட்டத்துல எனக்கென்ன வேலை?" என்றிருப்பாள்.

அன்று மாலை தங்கை மகள் வந்து பாட்டிலை நீட்டினாள். லேசாக இருந்தது. கடுகு அதைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"குடிச்சியா, கீழ ஊத்துனியா?"

"குடிச்சேன் பெரியம்மா. பத்தல. நாளைக்குப் பெரிய பாட்டில் குடுங்க."

"ஆமா, உங்கப்பன் பாட்டில் கம்பெனி வச்சிருக்கான்" என்றாள் கடுகு. சொல்லிவிட்டு, மேல் அலமாரியில் இருந்த பெரிய பாட்டிலை எடுக்க ஸ்டூலைத் தேடினாள்.